லாரியேறி வந்தவர்கள்

ஆயிரம் முதலைகள் லாரியேறிக் குஜராத்துக்குப் போன ஊர் வடநெம்மேலி. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டிப் போனால், இடது கைப்பக்கம் கடலை ஒட்டி முதலைப் பண்ணை வரும். ராமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976இல் தொடங்கியது. தோலுக்காக வேட்டையாடியதில் சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, கரியால் மூன்றுமே அன்றைக்கு அருகிப்போயிருந்தன. முட்டையிட வைத்து, குஞ்சு வளர்த்து, ஆறு குளங்களில் கொண்டுபோய் விடுவதுதான் திட்டம். சதுப்புநில முதலை விஷயத்தில் அது அளவுக்கு மீறிப் பலித்துவிட்டது. 1990களில் வெளியே விடுவது நின்றுபோனது. அந்தச் செய்தி முதலைகளுக்கு எட்டவில்லை. முட்டையிடும் பருவத்தில் பண்ணைக்காரர்கள் மணலைக் கிளறி முட்டைகளை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் ஜாம்நகரில் உள்ள ஒரு மீட்பு மையத்துக்கு ஆயிரம் முதலைகளை அனுப்ப அனுமதி கிடைத்து, நீதிமன்றத்தில் வழக்கும் நடந்து முடிந்து, பெட்டி பெட்டியாக ஏற்றினார்கள். தரைவழியாக ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர்.

திருப்பதி, பெங்களூர், மைசூர், திருச்சூர், திருவனந்தபுரம் என்று சுற்றித் திரும்பிய எங்கள் மொத்தப் பயணமும் அந்த முதலைகள் ஒரு நடையில் போன தூரம்தான். அரையாண்டு விடுமுறையில் நாலாம் வகுப்புப் பையனை எங்காவது கூட்டிப்போக வேண்டும். அவனிடமே கேட்டோம். மலை வேண்டாம், கடல் வேண்டாம், கோயில் வேண்டவே வேண்டாம், மிருகக்காட்சிசாலை வேண்டும் என்றான். எத்தனை என்று கேட்டதற்கு, "எல்லாம்" என்றான் என் தங்கை மகன். வண்டி ஓட்ட மாப்பிள்ளை, வழிக்குச் சோறும் சண்டையும் கட்ட என் தங்கை, கூட நான்.

நாள் குறிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. வண்டலூருக்கும் மைசூருக்கும் செவ்வாய் ஆகாது. முதலைப் பண்ணைக்கும் கேரளத்துக்கும் திங்கள் ஆகாது. ஊருக்கு ஊர் வார விடுமுறை மாறுகிறது. பொதுவாகச் சிங்கம், புலிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் இறைச்சி கிடையாது என்பதும், பெரும்பாலும் அது இந்த விடுமுறை நாளாகவே இருக்கும் என்பதும் பையனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "அப்ப அதுங்களுக்கும் செவ்வாக்கெழம விரதமா மாமா?"

வடநெம்மேலியில் தொட்டிச்சுவருக்கு அப்பால் சதுப்புநில முதலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஆயிரம் போன பிறகும் குறைவில்லை. சுவருக்குப் பக்கத்திலேயே ஒன்று வாயைப் பிளந்தபடி கிடந்தது. கீழ்வரிசைப் பல் ஒன்றின் நுனியில் தட்டான் உட்கார்ந்திருந்தது. வாய்க்குள் மஞ்சள் கலந்த வெளிர்த் தோல், தொண்டையை அடைத்து ஒரு மடிப்பு. தண்ணீருக்கடியில் வாயைத் திறந்தாலும் வயிற்றுக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கிற கதவு அது. உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் வாயைத் திறந்து வைத்திருக்கிறது, கடிக்க இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், "பொம்மைங்க, சிமெண்டுல செஞ்சு வெச்சிருக்கான்" என்று தன் மனைவியிடம் அடித்துச் சொன்னார். பொம்மையா என்று சோதித்துப் பார்க்க ஆட்கள் கல்லெறிவது உண்டு. எச்சரிக்கைப் பலகைகள் அதற்காகத்தான். அந்த மனுஷர் எறியவில்லை. காத்திருந்தார். தட்டான் பறந்தது. வாய் மூடிய சத்தத்தில் மனைவி சிரித்த சிரிப்பு அடுத்த தொட்டி வரை கேட்டிருக்கும்.

ஐந்து மீட்டர் நீளம் வளர்ந்த உவர்நீர் முதலை ஒன்று அங்கே இருக்கிறது, ஜாஸ் த்ரீ என்று பெயர். அதைத் தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் முழுக் கரும்பச்சையாய் ஒரு தோணி கிடப்பதுபோல் இருந்தது. நாங்கள் இருந்த நேரம் முழுக்க அது அசையவே இல்லை.

இருளர்கள் பாம்பு விஷம் எடுத்துக்காட்டும் இடமும் அங்கேயே உண்டு. 1978இல் அமைத்த அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம்தான் நாடு முழுவதும் விஷமுறி மருந்துக்கு விஷம் தருகிறவர்களில் முக்கியமானது. அந்தச் சமூகத்தின் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கண்ணாடிவிரியன் ஜாடியின் விளிம்பைக் கடித்ததும் வடிந்த மஞ்சள் துளியைப் பையன் பார்த்தான். அதற்கப்புறம் கேளம்பாக்கம் வழியாக வண்டலூர் போகிற வரைக்கும் அவன் பேசவில்லை. என் தங்கை மகன் பேசாமல் வருவது செய்தி.

வண்டலூரைப் பற்றி எழுதவே தேவையில்லை, சென்னைக்காரர் எல்லாரும் ஒருதரமாவது போய்க் கால் வலித்துத் திரும்பியிருப்பார்கள். 602 ஹெக்டேர். இந்தியாவிலேயே பெரிய விலங்கியல் பூங்காக்களில் ஒன்று. ஆனால் அது பிறந்த இடம் வண்டலூர் அல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1850களில் எட்வர்ட் பால்ஃபர் என்ற அதிகாரி உயிருள்ள மிருகங்கள் சிலவற்றை வைத்துப் பார்த்தார். கல்லையும் எலும்பையும் பார்க்க வராத கூட்டம் அவற்றைப் பார்க்க வந்தது. உடனே ஆர்க்காட்டு நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களையும் வாங்கிவிட்டார். 1855இல் மதராஸ் மிருகக்காட்சிசாலை அப்படித்தான் தொடங்கியது. அருங்காட்சியகத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும் இதற்கு 'உயிர் காலேஜ்' என்றும் சென்னை ஜனங்கள் வைத்த பெயர் எங்கள் பாட்டி காலம் வரை வழக்கத்தில் இருந்தது. 1860களில் சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, அங்கே ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்து, 1985இல் எம்.ஜி.ஆர். திறந்துவைத்த வண்டலூருக்கு வந்தது.

மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பழைய மிருகக்காட்சிசாலையை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கம்பிக்கும் சிங்கத்துக்கும் இடையில் ஒரு கை நீளம்தான். வாடை துணியில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். வண்டலூரில் கம்பி இல்லை, அகழி. ஹாம்பர்க்கில் கார்ல் ஹாகன்பெக் என்ற மிருக வியாபாரி 1907இல் செய்துகாட்டிய ஏற்பாடு இது: மிருகம் தாண்ட முடியாத பள்ளம், பள்ளம் கண்ணில் படாத மேடு. பார்ப்பவருக்குச் சிங்கம் வெட்டவெளியில் நிற்பதுபோல் தெரியும். இன்று உலகம் முழுக்க அதைத்தான் பின்பற்றுகிறார்கள். ஒரே சிக்கல், சிங்கம் நெல்லிக்காய் அளவுக்குத் தெரியும். "மாமா, அது கல்லா சிங்கமா?" என்ற கேள்விக்கு இந்தப் பயணத்தில் நான் பதில் சொல்லிச் சலித்துவிட்டேன்.

வண்டலூர்ச் சிங்கங்களுக்கு 2021 ஜூனில் கொரோனா வந்தது. நீலா என்ற பெண்சிங்கம் அதில் செத்தது. கொஞ்ச நாளில் பத்மநாதன் என்ற கிழச் சிங்கமும். மனிதரிடமிருந்து தொற்றியிருக்க வேண்டும் என்றுதான் பேச்சு. அகழி இருந்தாலும் சோறு வைக்கிற கை ஒன்று உள்ளே போய்த்தானே ஆக வேண்டும்.

வெள்ளைப் புலிக்கு முன்னால்தான் கூட்டம். இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மிருகக்காட்சிசாலைகளில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் ரீவாவில் 1951இல் பிடிபட்ட மோகன் என்ற ஒரே குட்டி. நிறம் போய்விடக் கூடாதென்று மோகனை அவன் மகளோடே சேர்த்தார்கள். அப்படியே தலைமுறை தலைமுறையாக. மாறுகண், வளைந்த முதுகு, குட்டியிலேயே சாவு, எல்லாம் இந்த வெளுப்புக்குக் கொடுத்த விலை. ரத்த உறவில் சம்பந்தம் செய்யக் கூடாது என்று மனிதருக்குப் பஞ்சாயத்து வைக்கிற நாடு, புலிக்கு வேறு நியாயம் வைத்திருந்தது.

இப்போது நியாயம் மாறியிருக்கிறது. 1992இல் வந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அனுமதி இல்லாமல் பாதுகாக்கப்பட்ட மிருகம் ஒன்றை ஒரு பூங்கா வாங்கவோ விற்கவோ கொடுக்கவோ முடியாது. காட்டில் பிடித்து வந்து கூண்டை நிரப்பும் காலமும் போய்விட்டது. ஆகவே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது போலத்தான் நடக்கிறது. உன்னிடம் ஆண் காண்டாமிருகம் உபரி, என்னிடம் பெண் ஒட்டகச்சிவிங்கி இருக்கிறது, மாற்றிக்கொள்வோமா? ஜாதகத்துக்குப் பதில் வம்சாவளிப் பதிவேடு. இதை வண்டலூரில் ஒரு காப்பாளர் விளக்கியதைக் கேட்டதும் பையன் ஒரு நோட்டு போட்டான். மிருகத்தின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தது என்று இரண்டு பத்தி. அதற்கப்புறம் எங்கே போனாலும் காப்பாளர்களைத் தேடிப் பிடித்து இதே விசாரணை. எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. மிருகத்தைப் பார்ப்பதைவிட அது வந்த கதையைக் கேட்பதில்தான் பாதி நேரம் போயிற்று.

சர்க்கஸ் சிங்கங்கள் இந்தச் சம்பந்தக் கணக்கில் வராதவை. சிங்கம், புலி, கரடி, குரங்கை வைத்து வித்தை காட்டக் கூடாது என்ற 1998ஆம் ஆண்டு அறிவிக்கையை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கூடாரங்களிலிருந்து சிங்கங்கள் மொத்தமாக வெளியே வந்தன. வண்டலூரிலும் திருப்பதியிலும் பெங்களூரிலும் அவற்றுக்காக மீட்பு மையங்கள் அமைத்தார்கள். ஆசியச் சிங்கமும் ஆப்பிரிக்கச் சிங்கமும் கலந்து பிறந்தவை என்பதால் அவற்றைப் பெருக விடவில்லை. வயதாகிச் சாகும்வரை சோறு போட்டார்கள். அந்தக் கிழட்டுச் சிங்கங்களுக்கான அரசாங்கச் செலவு வீண் என்று எழுதியவர்கள் அப்போது உண்டு. எனக்கு அது வீணாகத் தெரியவில்லை. ஊர் ஊராக நெருப்பு வளையம் தாண்டியதற்குப் பென்ஷன்.

திருப்பதிக்குப் போய் மலையேறாமல் திரும்பிய குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். என் தங்கை அலிப்பிரி பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், அதோடு சரி. சேஷாசல மலையடிவாரத்தில் 1987இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா விலங்கியல் பூங்காவுக்குக் காகிதத்தில் 5,532 ஏக்கர். அதில் பெரும்பகுதி வெறும் காடு. மிருகங்களுக்கு நடுவே நடக்கும்போது மலையின் செம்பாறை முகம் எப்போதும் தலைக்குமேல் தெரிந்துகொண்டே இருக்கும். நாங்கள் பார்த்தவற்றில் அழகான இடம் இதுதான். ஆனாலும் 2024 பிப்ரவரியில் இங்கேதான் ஒருவர் வேலி ஏறிச் சிங்கத்தின் அடைப்புக்குள் இறங்கி உயிரைவிட்டார். செல்ஃபி எடுக்கப் போனதாகச் செய்திகள் கூறின. சிங்கத்தின் பெயர் டுங்கர்பூர். அதன் பெயரிலேயே ஊர் இருக்கிறது என்பதால் பையன் இரண்டாவது பத்தியை நிரப்பாமல் விட்டுவிட்டான்.

அனுமன் குரங்குகள் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். கருத்த முகம், வெள்ளை மயிர், உடம்பைவிட நீளமான வால். "இங்கேந்து ரெண்டு கேரளாவுக்குப் போச்சு. ஒண்ணு அங்க ஓடிப்போச்சு" என்று தமிழ் தெரிந்த ஒரு காவலாளி சொன்னார். சித்தூர் எல்லை என்பதால் இங்கே பாதிப் பேருக்குத் தமிழ் வரும். அந்தக் கதை பின்னால் வருகிறது.

பெங்களூர் நெரிசலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் புதிதாக இல்லை. பன்னேர்கட்டாவில் கம்பி வலை போட்ட பஸ்ஸில் ஏற்றிச் சிங்கம், புலி, கரடி என்று சுற்றிக் காட்டினார்கள். பஸ் ஓட்டுநர் புலி குறுக்கே படுத்திருந்தால் ஹாரன் அடிக்க மாட்டார், பொறுமையாகக் காத்திருப்பார். வரும் வழியெல்லாம் பெங்களூரில் அந்தப் பொறுமையை ஒரு மனிதரிடமும் பார்க்கவில்லை என்றார் மாப்பிள்ளை. இங்கே உள்ள கரடி மீட்பு மையத்துக்குத்தான் 2009இல் ராஜு வந்தான். மூக்கில் கயிறு கோர்த்துத் தெருவில் ஆட்டிய கரடிகளில் நாட்டில் கடைசியாக மீட்கப்பட்டவன் என்று பேர் பெற்றவன். எங்கள் தெருவுக்கும் அப்படி ஒரு கரடி வரும். மயிர் பிடுங்கித் தாயத்துக் கட்டுவார்கள். என் இடுப்பிலும் ஒன்று இருந்தது. பையனிடம் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்ததால் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

பன்னேர்கட்டாவின் ஒட்டகச்சிவிங்கி மைசூர்ப் பெண், அதாவது மைசூரில் பிறந்து லாரியில் வந்தது. ஒட்டகச்சிவிங்கியைக் குட்டியாக இருக்கும்போதே அனுப்பியாக வேண்டும். வளர்ந்துவிட்டால் மேம்பாலத்துக்கு அடியில் போகாது, மின்கம்பி வேறு. நாங்கள் மைசூர் விரைவுச்சாலையில் போகும்போது மாப்பிள்ளை ஒவ்வொரு பாலத்தடியிலும் உயரப் பலகையைப் படித்துக்கொண்டே வந்தார். "அஞ்சரை மீட்டர். பெரிசு போகாது மச்சான். கழுத்தக் குனிஞ்சா போலாம்."

மைசூர். இந்தப் பயணத்தில் நான் தயங்காமல் மறுபடி போகக்கூடியது இது. 1892இல் சாமராஜேந்திர உடையார் அரண்மனைக்கென்று தொடங்கியது, அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரம். ஊர் நடுவே 157 ஏக்கர். ஒரே வழிப்பாதை, உள்ளே விட்டால் எல்லாவற்றையும் பார்த்துத்தான் வெளியே வர முடியும், ஜவுளிக்கடை ஏற்பாடு. மரங்கள் நூறு வயதுக்காரர்கள். அரசாங்க மானியத்தை நம்பாமல் டிக்கெட் காசில் ஓடுகிறது. அதனால்தானோ என்னவோ கழிப்பறை சுத்தம்.

கொரில்லாவைப் பார்க்க இந்தியாவில் எல்லாரும் வருமிடம் இதுதான். டப்ளினிலிருந்து 1995இல் வந்த போலோ என்ற ஆண் கொரில்லா பல வருஷம் இங்கே தன்னந்தனியாக வாழ்ந்து 2014இல் செத்துப்போனான். அதற்கப்புறம் கூண்டு காலி. 2021 ஆகஸ்டில் ஜெர்மனியிலிருந்து தாபோவும் டெம்பாவும் வந்தார்கள். வரும்போது பெரியவனுக்கு 14 வயது, சின்னவனுக்கு 8. பொண்ணு எங்கே என்று கேட்டால், இல்லை. கொரில்லாக் குடும்பத்தில் ஒரு வளர்ந்த ஆண்தான் இருக்க முடியும். குட்டிகளில் பாதி ஆணாகப் பிறக்கிறது. மிஞ்சும் ஆண்களை என்ன செய்வது? ஐரோப்பியப் பூங்காக்கள் அவர்களைக் கட்டைப் பிரம்மச்சாரிகளாகச் சேர்த்துத் தனிக் குழுவாக வைக்கின்றன. மைசூர் அப்படி ஒரு பிரம்மச்சாரி மடம்.

நாங்கள் போனபோது தாபோ எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வெள்ளி பாய்ந்த முதுகு. தோளுக்குக் கீழே மயிர் குட்டையாகி, இடுப்பில் சாம்பல் நிறச் சேணம் போட்டதுபோல் இருந்தது. ஒரு குச்சியின் பட்டையை உரித்துக்கொண்டிருந்தான். பெருவிரலால் நுனியைக் கீறி, முன்பல்லால் கவ்வி, ஒரே இழுப்பு. நாரை மட்டும் மென்று, வெள்ளைக் கட்டையைப் பக்கத்தில் வைத்தான், எறியவில்லை. அடுத்த குச்சி. கூட்டம் கத்தியது, விசிலடித்தது, ஒருத்தர் தன் நெஞ்சில் அறைந்து காட்டினார். காவலாளி ஊதலை ஊதி அவரை அடக்கினார். தாபோ திரும்பவில்லை. வெள்ளைக் கட்டைகள் பக்கத்தில் சேர்ந்துகொண்டே போயின. பையன் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அவன் அப்பா இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து ஒராங்குட்டான்கள், சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்தவை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சிவிங்கிப்புலிகளும் உண்டு. நோட்டின் இரண்டாம் பத்தி உலக வரைபடமாகிக்கொண்டிருந்தது.

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை, பந்திப்பூர். இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை இந்தச் சாலையை 2009இலிருந்து மூடிவிடுகிறார்கள், மிருகங்கள் கடப்பதற்காக. பகலில் போனோம். கூண்டு, அகழி எதுவும் இல்லாத இடத்தில் இனி நிஜமான மிருகங்களைப் பார்க்கலாம் என்று நான் பெரிதாக முன்னுரை கொடுத்திருந்தேன். புள்ளிமான் கூட்டம், மயில், தூரத்து மூங்கில் புதரில் ஒரு யானையின் பின்பக்கம். பத்து நிமிஷத்துக்கெல்லாம் பையன், "இதுக்கு மைசூரே தேவல" என்று தூங்கிவிட்டான். தெப்பக்காட்டில் எழுப்பினோம். முதுமலை முகாம் யானைகளுக்கு ராகிக் களியும் வெல்லமும் உருட்டித் தரும் நேரம். ஆஸ்கர் வாங்கிய படத்தில் வந்த இடம் இதுதான் என்று ஒரு கூட்டம் பொம்மன், பெள்ளி எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தது. களி உருண்டை யானையின் வாய்க்குள் நேரே போகிறது, தும்பிக்கைக்கு வேலையே இல்லை. குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டிவிட்டுக் கையைத் தும்பிக்கையிலேயே துடைத்துக்கொள்கிறார் மாவுத்தர்.

கூடலூரில் சாப்பிட்டு நாடுகாணிச் சுரம் இறங்கி நிலம்பூர் வழியாகத் திருச்சூர்.

திருச்சூரில் மிருகங்கள் செய்ததுதான் இருப்பதிலேயே குட்டிப் பயணம். செம்புக்காவில் 1885இலிருந்து இருந்த பழைய மிருகக்காட்சிசாலை 13 ஏக்கர் சொச்சம். ஊர் வளர்ந்து நெருக்கி, கூண்டுக்குப் பக்கத்தில் ஆட்டோ ஸ்டாண்டு என்கிற நிலை. ஊருக்கு வெளியே புத்தூரில் முந்நூறு ஏக்கருக்கு மேல் ஒரு மலைச்சரிவை எடுத்து, ஜான் கோ என்ற ஆஸ்திரேலிய வடிவமைப்பாளரைக் கொண்டு புதுப் பூங்கா கட்டினார்கள். 2023 அக்டோபரில் முதல் ஆளாக மயிலைக் கொண்டுபோனார்கள். தேசியப் பறவை என்பதால் நல்ல சகுனம் பார்த்திருப்பார்கள். மற்றவை ஒவ்வொன்றாகப் போய்ச் சேர, 2025 அக்டோபரில் பூங்கா திறந்தது.

கோயம்புத்தூர் வ.உ.சி. பூங்காவுக்கு இந்த யோகம் அடிக்கவில்லை. இடம் போதவில்லை என்று 2022இல் ஆணையம் அங்கீகாரத்தை ரத்துசெய்ய, மிருகங்களை ஊர் ஊராக அனுப்பி மூடியே விட்டார்கள். புத்தூரில் மிருகங்களுக்கு இடம் தாராளம். எங்களுக்கு நடை தாராளம். காட்டுமாட்டைத் தேடினோம், பாறை தெரிந்தது. சிறுத்தையைத் தேடினோம், செடி தெரிந்தது. ஒளிந்துகொள்ள வசதி செய்துகொடுத்தால் மிருகம் ஒளிந்துகொள்ளத்தான் செய்யும், கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் டிக்கெட் வாங்கிய அப்பன்மார்கள் பிள்ளைகளிடம் படும் பாட்டை அவர்கள் வந்து பார்க்க வேண்டும். "அதோ, அந்த மரத்துக்குப் பின்னாடி காது தெரியுது பார்!" என்று எங்கள் மாப்பிள்ளை காட்டியது காது அல்ல, காய்ந்த தேக்கு இலை.

திருவனந்தபுரம் அதற்கு நேரெதிர். நகரத்தின் நட்டநடுவே, மதராஸில் பல கட்டடங்களைக் கட்டிய கட்டடக் கலைஞர் சிஸ்ஹோம் எழுப்பிய நேப்பியர் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில், 55 ஏக்கரில் மரத்தடி மரத்தடியாக மிருகங்கள். 1857இல் தொடங்கியது என்று கணக்கு. அதற்கு முன் சுவாதித் திருநாள் மகாராஜாவின் குதிரைலாயத்தோடு சேர்ந்து ஒரு மிருகசாலை இருந்திருக்கிறது. யான் மார்ட்டெல் 'லைஃப் ஆஃப் பை' எழுதுவதற்கு முன் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். நாவலில் மிருகக்காட்சிசாலையைப் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் வைத்துவிட்டார். அங்கே பூங்கா உண்டு, மிருகக்காட்சிசாலை கிடையாது. அந்தக் கதையிலும் மிருகங்கள் விற்கப்பட்டு ஊர்விட்டு ஊர் போகின்றன, கப்பலேறி.

நேராகக் குரங்கிருக்கும் இடத்துக்குப் போனோம். கதை இதுதான். 2023 ஜூனில் திருப்பதியிலிருந்து ஒரு ஜோடிச் சிங்கமும் ஒரு ஜோடி அனுமன் குரங்கும் இரண்டு மாநில எல்லை தாண்டி இங்கே வந்தன. சிங்கங்களுக்கு அமைச்சர் பெயர் வைத்தார், லியோ, நைலா. குரங்கைப் பழக்குவதற்காக அடைப்பில் திறந்துவிட்டுப் பார்த்தபோது பெண்குரங்கு மரத்துக்குத் தாவி, மரத்திலிருந்து ஊருக்குள் போய்விட்டது. மயக்க ஊசி போட்டால் உயரத்திலிருந்து விழுந்துவிடும் என்ற பயம். அதனால் காப்பாளர்கள் மரத்தடி மரத்தடியாகப் பழமும் தழையும் வைத்துக்கொண்டு பின்னாலேயே அலைந்தார்கள். தினமும் பத்திரிகையில் இன்று இந்த மரத்தில், நாளை அந்தக் கட்டடத்தில் என்று செய்தி. மூன்று வாரத்துக்கு மேல் நகரமே அண்ணாந்து பார்த்துத் திரிந்தது. ஜூலை 6ஆம் தேதி பாளையத்தில் ஜெர்மன் கலாசார மையத்தின் கழிப்பறைக்குள் அது போய் உட்கார்ந்துகொள்ள, கதவைச் சாத்திப் பிடித்துவிட்டார்கள். 2024 செப்டம்பரில் இன்னும் மூன்று குரங்குகள் இதேபோல வெளியேறி, அவையும் திரும்பி வந்தன.

கிளை வெட்டின மரத்தைக் காட்டி, "இவ்வளவு தூரத்தை எப்படித் தாண்டியிருக்கும்?" என்று மாப்பிள்ளை அடியெடுத்து அளந்துகொண்டிருந்தார். உள்ளே நாலைந்து உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருந்தன. ஓடிப்போனது எது என்று தெரிய வேண்டும் பையனுக்கு. காப்பாளர் மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். சரி, எல்லாம் ஒரே முகம்.

பையன் நோட்டை எடுத்து, "அம்மா, இதுக்கு ஊர் என்ன போடறது? திருப்பதியா, திருவனந்தபுரமா?" என்றான்.

"கட்டிக்குடுத்த ஊரைத்தான் போடணும்."

"அதுக்குத்தான் புடிக்காம ஓடிப்போச்சே."

"ஓடினாலும் எங்க போய் ஒக்காந்துச்சு பார்த்தியா, கக்கூஸ்ல" என்றார் மாப்பிள்ளை. என் தங்கை அவரைப் பார்த்த பார்வையில் நாகர்கோவில் வரைக்கும் வண்டியில் யாரும் வாய் திறக்கவில்லை. பையன் இரண்டாம் பத்தியில் இரண்டு ஊரையும் எழுதி, நடுவில் ஒரு லாரிப் படம் போட்டிருந்தான்.